மூன்று புடவை, ஐந்து வேட்டி

என் கணவர் சகாயநாதன் கணக்கு வாத்தியார். பயந்துவிட்டால் அவருக்குக் கணக்கு தப்பும் என்பது புதுச்சேரி டவுனில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மேசைக்குப் பின்னால் புத்தகமும் பிரம்புமாக உட்கார்ந்திருக்கும்வரை ஒரு பிழை வராது. எதிரே ஒருத்தர் நின்று ‘சீக்கிரம் சொல்லு’ என்றால் போதும், பாதிக் கணக்கை விழுங்கிவிட்டு விடையைச் சொல்லிவிடுவார். சொன்னதை அப்புறம் மாற்றவும் மாட்டார்.

முப்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் அவர் தங்கை ரோசாவுக்குக் கல்யாணம். ரோசா கடலூரில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்த்துணி எடுத்து வருவது அண்ணன் பொறுப்பு. மூன்று ஜப்பான் பட்டுப் புடவையும் ஐந்து ஜரிகைக் கரை வேட்டியும் வேண்டும் என்று சித்தி கடிதம் போட்டிருந்தாள்.

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் ஊர், கடலூர் இங்கிலீஷ்காரர் ஊர். எங்கள் கடைத்தெருவில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற பட்டு அங்கே இருபது. எல்லையில் இங்கிலீஷ்காரரின் சுங்கச் சாவடி உண்டு. துணியோடு போகிறவர்களிடம் விலை கேட்டு, அதில் பாதியைத் தீர்வையாக வாங்கிக்கொள்வார்கள். இதற்கு ஏற்றபடி எங்கள் ஊர்ச் சவுளிக்கடைகளில் இரண்டு ரசீது போடுவார்கள். ஒன்று வீட்டு ரசீது, நிஜ விலை. இன்னொன்று சாவடி ரசீது, குறைத்துப் போட்டது. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, பை வேண்டுமா என்று கேட்கிற மாதிரி அவர்களே கேட்பார்கள்.

சவுளிக்கடைக் கலியமூர்த்தி எங்களுக்கும் போட்டுக் கொடுத்தார். நிஜத்தில் புடவை பத்து, வேட்டி நாலு, மொத்தம் ஐம்பது ரூபாய். சாவடி ரசீதில் முப்பத்தாறு. ரசீதில் உருப்படியும் மொத்தமும் இருந்தனவே தவிர, தனி விலை இல்லை.

“முசே, இப்பல்லாம் சாவடியில புருசனையும் பொஞ்சாதியையும் தனித்தனியா ஒக்கார வச்சி வெல கேக்கறாங்க,” என்றார் கலியமூர்த்தி. எங்கள் ஊரில் வாத்தியாரை முசே என்றுதான் சொல்வது. “வெலைய மனப்பாடம் பண்ணாதீங்க. பயத்துல நெசமான வெலதான் வாயில வரும். ஒண்ணே ஒண்ண ஞாபகம் வச்சிக்குங்க. மொத்தம் முப்பத்தாறு. பொடவ ஒண்ணு வேட்டி ஒண்ண விட நாலு ரூபா கூட. அதுலேர்ந்து ரெண்டு வெலையும் வந்துடும். அதாவது வேட்டி வந்து...”

“போதும் போதும்,” என்றார் இவர். “எனக்கே சொல்லித் தரீங்களா? தெனம் பசங்களுக்கு இதத்தானே போட்டுக் குடுக்கறேன்.”

கலியமூர்த்தி சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டார். அவர் இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

நானும் கணக்குப் படித்தவள்தான். கன்னியர் மடத்துப் பள்ளியில் மேர் அகத்தாள் என்ற கன்னியாஸ்திரி எங்களுக்கு விலைக் கணக்கு சொல்லித் தருவார்கள். தெரியாத விலைக்கு ‘இக்ஸ்’ என்று பெயர் வை, அப்புறம் அதைத் தெரிந்த விலை மாதிரியே நடத்து, அது தானாக வெளியே வரும் என்பார்கள். பள்ளி முடிக்கிற செர்த்திபிக்கா பரீட்சையில் கணக்கில் நான்தான் முதல். அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்யாணத்துக்கு என்னோடு அனுப்பினார் அப்பா.

முந்தின கிறிஸ்துமசுக்கு இவரோடு வேலை பார்க்கிற அமலநாதன் வீட்டுக்கு வந்திருந்தார். பையன்களுக்குக் கொடுக்க ஆரஞ்சும் மாதுளையும் வைத்து இவர் ஒரு கணக்குச் சொல்லி, விடை ஏழு என்றார். காப்பி கொண்டுவந்த நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “அஞ்சுதானேங்க வரும்,” என்றேன். அமலநாதன் விரல் விட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். இவரும் சிரித்தார். அமலநாதன் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு, அலமாரி மேலிருந்து பிரம்பை எடுத்து, “கைய நீட்டு,” என்றார்.

பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு எப்படியோ அப்படியேதான். உள்ளங்கையில் இரண்டு அடி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அடி வலித்தது உண்மை. ஆனால் நீட்டு என்றதும் நீட்டினேனே, அதை நினைத்துத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை. மறுநாள் என் சான்றிதழ் சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் எந்தக் கணக்கைத் தப்பாகச் சொன்னாலும் எனக்குக் காது கேட்காது.

கடலூருக்குக் காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். கூண்டு வண்டி, ஓட்டியவன் கன்னியப்பன். வாரம் இரண்டு தடவை கடலூர் போய் வருகிறவன். நோணாங்குப்பத்தில் ஆறு கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. துணி மூட்டையை என் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தவளக்குப்பத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினான் கன்னியப்பன். “முந்தாநேத்து ஒருத்தர சாவடியில புடிச்சிட்டாங்க முசே,” என்றான், வாளியை எடுத்துக்கொண்டே. “புருசன் ஒரு வெல சொன்னாராம், பொஞ்சாதி ஒரு வெல சொல்லிச்சாம். பொய் ரசீதுன்னு எழுதிட்டாங்க. துணியும் போச்சி, ஆளையும் கடலூர் ஜெயில்ல வச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு என் வண்டியிலதான் அழுதுக்கினு திரும்பிச்சி.”

இவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கழுத்தில் மழை படவில்லை, அது வேர்வை. இவர் சர்க்கார் பள்ளி வாத்தியார். ஒரு நாள் ஜெயிலில் இருந்தாலும் வேலை போய்விடும். மாதச் சம்பளம் ஒன்றுதான் எங்களுக்கு. இத்தனையும் எதற்கு? ஐம்பதுக்குத் தீர்வை கட்டினால் இருபத்தைந்து, முப்பத்தாறுக்குக் கட்டினால் பதினெட்டு. ஏழு ரூபாய் மிச்சம் பிடிக்க வந்த வினை.

வண்டி நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார். “மேரி, நல்லா கேட்டுக்க. மொத்தம் முப்பத்தாறு. பொடவைக்கு நாலு கூட. முப்பத்தாறுல நாலு போனா முப்பத்திரண்டு. உருப்படி எட்டு. எட்டு நாலு முப்பத்திரண்டு. அப்ப வேட்டி நாலு, பொடவ எட்டு. புரிஞ்சிதா? சாவடியில கேட்டா வேட்டி நாலு, பொடவ எட்டு.”

புடவை ஒன்றா இருக்கிறது? மூன்று இருக்கிறது. ஒவ்வொரு புடவையிலும் அந்த நாலு கூட இருக்கிறது. நாலை ஒரு தரம் கழித்துவிட்டு மற்ற இரண்டை விட்டுவிட்டார். இவர் சொன்ன விலையில் மூன்று புடவை இருபத்துநாலு, ஐந்து வேட்டி இருபது, மொத்தம் நாற்பத்துநாலு. ரசீதோ முப்பத்தாறு. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாலும், பென்சில் வைத்திருக்கிற எவனும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

“ஏங்க,” என்றேன்.

“என்ன?”

“இன்னொரு தரம் பெருக்கிப் பாத்துடலாமா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்த அதே பார்வை. முன்னால் கன்னியப்பன் முதுகு தெரிந்தது, அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். “எனக்குத் தெரியாதா?” என்றார் இவர். “நான் சொன்னத சொல்லு, போதும். என்ன சொல்லுவ?”

“வேட்டி நாலு, பொடவ எட்டு,” என்றேன்.

இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. ஜெயிலுக்குப் போகிற வழியில் போய்க்கொண்டிருக்கிறோம், சரியான விடை என் வாய்க்குள் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாவடி இன்னும் ஒன்றரை மைல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு முழம் தூரத்தில் இருந்தார்.

இருந்தாலும் மூட்டைக்கு அடியில் விரலை மடக்கி, மேர் சொன்னபடி போட்டுப் பார்த்தேன். வேட்டி இக்ஸ். புடவை இக்ஸும் நாலும். மூன்று புடவை என்றால் மூன்று இக்ஸும் பன்னிரண்டும். ஐந்து வேட்டி ஐந்து இக்ஸ். மொத்தம் எட்டு இக்ஸும் பன்னிரண்டும், அது முப்பத்தாறு. பன்னிரண்டு போனால் இருபத்துநாலு. எட்டு இக்ஸ் இருபத்துநாலு. இக்ஸ் மூன்று. வேட்டி மூன்று, புடவை ஏழு. இருபத்தொன்றும் பதினைந்தும் முப்பத்தாறு. நாலு தரம் போட்டேன், நாலு தரமும் அதேதான் வந்தது. சரியாக வர வரப் பயம்தான் கூடியது.

சாவடி ஓடு போட்ட கொட்டகை. நடுவில் மூங்கில் பாய்த் தட்டி கட்டி இரண்டு அறையாக்கியிருந்தார்கள். வாசலில் கைகளைத் துண்டால் கட்டிப்போட்ட ஒரு ஆள் குந்தியிருந்தான், பக்கத்தில் போலீஸ்காரன். உள்ளே மூலையில் பிடித்துவைத்த மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஒரு மூட்டை பிரிந்து, பாக்குக் கலர்க் கூறைப்புடவை ஒன்று வெளியே தெரிந்தது. யாருடைய கல்யாணமோ நின்று போயிருக்கும்.

இன்ஸ்பெக்டர் பெயர் சுப்பிரமணியன் என்று கன்னியப்பன் சொல்லியிருந்தான். மிரட்டுகிற ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், “வாங்க, ஒக்காருங்க” என்றார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவரைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனார். என்னை இந்தப் பக்கம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

பெண்களைச் சோதிக்க ஆயம்மா என்று ஒருத்தி இருந்தாள். புதுப்புடவையை நாலு சுற்றாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பிடிப்பது அவள் வேலை. என் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுதான் கட்டியிருக்க,” என்றாள். பிறகு என் கையைத் தொட்டு, “ஏன் இப்பிடி நடுங்குது?” என்று கேட்டாள்.

“மழையில வந்தோம்,” என்றேன்.

தட்டிக்கு அப்பால் பேச்சு முணுமுணுப்பாகக் கேட்டதே தவிர வார்த்தை பிரியவில்லை. இவர் என்ன சொல்லியிருப்பார்? உள்ளே போனதும் தப்பு தெரிந்து திருத்திக்கொண்டிருப்பாரா? பயந்தால் திருத்துகிற ஆள் இல்லை. நாலும் எட்டும்தான் சொல்லியிருப்பார். நானும் அதையே சொன்னால் விலை ஒத்துப்போகும், ரசீது ஒத்துப்போகாது, இரண்டு பேரும் மாட்டுவோம். மூன்றும் ஏழும் என்றால் நான் ரசீதோடு ஒத்துப்போவேன். அவர் தனியாக மாட்டுவார்.

அவர் தனியாக மாட்டுவார் என்று நினைத்த அந்த நொடியில் என் மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. மறைக்க விரும்பவில்லை, பார்த்தது. உடனே அதைப் பார்த்து நானே பயந்துபோனேன். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் வந்தார். ஒரு கையில் ரசீது, இன்னொரு கையில் பென்சில். “சொல்லும்மா. புடவை ஒண்ணு என்ன விலை? வேட்டி ஒண்ணு என்ன விலை?”

நாலு, எட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

“பொடவ ஏழு. வேட்டி மூணு.”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் எழுதிக்கொண்டார். அவசரமே படவில்லை. “உங்க வீட்டுக்காரர் புடவை எட்டு, வேட்டி நாலுன்னு சொல்றாரே,” என்றார். ரசீதின் ஓரத்தில் பெருக்க ஆரம்பித்தார். பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. “நீங்க சொன்னதுக்கு முப்பத்தாறு வருது. அவர் சொன்னதுக்கு நாப்பத்திநாலு. ரெண்டுல ஒண்ணு பொய். அவர் வாய் தவறி நிஜ விலையைச் சொல்லிட்டாரா? இது பொய் ரசீதா?”

தட்டியை விலக்கி இவரைக் கூப்பிட்டார். இவர் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. “நாப்பத்திநாலு ரூபாய்த் துணிக்கு முப்பத்தாறு ரசீது எப்படி சார்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வாசலில் இருந்த போலீஸ்காரன் எழுந்து நின்றான்.

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை. ஆனால் அது எனக்குத் தெரிந்த பார்வைதான். கதவு சாத்தியதும் நான் அவரைப் பார்ப்பேனே, அது.

“சார்,” என்றேன். “ரெண்டுமே பொய் இல்ல. அவரு கணக்குல தப்பு பண்ணிட்டாரு.”

ஆயம்மா என் பக்கம் திரும்பினாள். இன்ஸ்பெக்டர் பென்சிலை நிறுத்தினார்.

“கடையில தனித்தனியா வெல சொல்லல சார். எட்டு உருப்படியும் சேத்து முப்பத்தாறு, பொடவ வேட்டிய விட நாலு கூடன்னு சொன்னாங்க. வண்டியிலதான் இவரு வெலைய கண்டுபிடிச்சாரு. முப்பத்தாறுல நாலு கழிச்சி எட்டால வகுத்தாரு. பொடவ மூணு இருக்குதுல்ல, நால மூணு தரம் கழிக்கணும். ரெண்டு தரம் உட்டுட்டாரு. அதான் எட்டு ரூபா அதிகமா வருது. நாப்பத்திநாலுக்கும் முப்பத்தாறுக்கும் எட்டுதான சார் வித்தியாசம்? ரெண்டு நாலு எட்டு.”

அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. ரசீதுதான் பொய், தப்பு மட்டும் நிஜம். இவருடைய அந்த ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் கரையேற வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்பத்துநாலிலிருந்து முப்பத்தாறைக் கழித்துப் பார்த்தார். பிறகு இவர் பக்கம் காகிதத்தையும் பென்சிலையும் நகர்த்தினார். “என்ன வேலை பார்க்கறதா சொன்னீங்க?”

“கணக்கு வாத்தியார்,” என்றார் இவர்.

“போடுங்க வாத்தியாரே. பார்க்கலாம்.”

இவர் நின்றபடியே குனிந்து போட்டார். முப்பத்தாறு எழுதி, கீழே நாலு எழுதி, நிறுத்தி, நாலை அடித்துவிட்டுப் பன்னிரண்டு எழுதினார். இருபத்துநாலு. எட்டால் வகுத்து மூன்று. புடவை ஏழு என்று கடைசியில் எழுதும்போது எழுத்து கோணிப்போயிற்று. நானும் ஆயம்மாவும் இன்ஸ்பெக்டரும், வாசலில் எட்டிப் பார்த்த கன்னியப்பனும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என் பையனும் இதே தப்பைத்தான் பண்றான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “அவனுக்கு வயசு பத்து.” ஆயம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பதினெட்டு ரூபாய் தீர்வை கட்டச் சொல்லி, மூட்டைமேல் முத்திரை குத்தி, போகலாம் என்றார்கள்.

வண்டியில் ஏறினோம். தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கன்னியப்பன் முதுகு சிரிக்கிற மாதிரி இருந்தது. இவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இன்றைக்குச் சித்தி வீட்டில் கூட்டம் இருக்கும். நாளைக்குக் கல்யாணம். நாளை மறுநாள் வீடு, கதவு, அலமாரி. என் கணக்கு அதுவரை ஓடிவிட்டது.

சாவடி கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் பேசினார். “வண்டியில நான் போட்டப்பவே தப்புன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பவே ஏன் சொல்லல?” அவர் குரல் உயர்ந்தது. “ஜெயிலுக்குப் போயிருப்பேனே. ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சி.”

“சாவடிக்குத்தான?”

பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் குரல் உயர்ந்ததில் வார்த்தை வருவதற்குள் என் வலது கை மூட்டையை விட்டு எழும்பியது. நான் நீட்டவில்லை, அது தானாக நீண்டது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விறைப்பாக, பையன்கள் வரிசையில் நின்று நீட்டுவார்களே, அப்படி.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது, கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் இழுக்கவில்லை. கேட்டாரே, பதில் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடலூர் போய்ச் சேரும்வரை அந்தக் கையை நான் மூடவில்லை.